மேலே தண்ணீர், கீழே எரு

எங்கள் ஆரஞ்சுத் தோட்டத்தில் தண்ணீர் எங்கள் பக்கம் இருந்தது, எரு பெரியப்பா பக்கம் இருந்தது. நடுவில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு கல்கட்டு. மலைமேல் எங்கள் வளப்பூர் நாட்டுப் பக்கம் நிலமெல்லாம் சரிவு என்பதால் மண் இறங்காமல் இருக்க எல்லாத் தோட்டத்திலும் இப்படி ஒன்று கட்டியிருப்பார்கள். எங்கள் கல்கட்டில் ஓரிடத்தில் கற்களை எடுத்துவிட்டு, ஆள் போய்வர வழி விட்டிருந்தார்கள்.

அந்த மரங்கள் அப்பாவும் பெரியப்பாவும் கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்து நட்டவை. பாகம் பிரித்தபோது மேல்பாதி அப்பாவுக்கும் கீழ்பாதி பெரியப்பாவுக்கும் வந்தது. ஊற்று மேலே இருந்ததால் எங்களுக்கு வந்தது. மாட்டுக் கொட்டகை கீழே இருந்ததால் அவர்களுக்குப் போனது. ஆனால் பிரித்தது காகிதத்தில்தான். ஊற்றிலிருந்து ஒரு கருப்பு ஓஸ் கல்கட்டைத் தாண்டி இறங்கிப் போகும். கீழிருந்து எருக்கூடைகள் அதே வழியாக ஏறி வரும். தாங்கள் யாருடைய மரங்கள் என்பது தெரியாமலேயே அவை காய்த்துக்கொண்டிருந்தன.

எல்லாவற்றையும் கெடுத்தது ஒரு கன்றுக்குட்டி. பெரியப்பா வீட்டுக் காளைக் கன்று ஒருநாள் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு மேலே வந்து, அப்பா புதிதாக வைத்திருந்த நாற்றுகளின் கொழுந்தையெல்லாம் ஒன்று விடாமல் கடித்துவிட்டது. அப்பா அதைப் பிடித்து எங்கள் கொய்யா மரத்தில் கட்டிப்போட்டார். பொழுது இறங்கும் நேரம் பெரியப்பா தேடிக்கொண்டு வந்தார். கன்றைக் கட்டத் தெரியாதவருக்கு மாடு எதற்கு என்று அப்பா சொல்லிவிட்டார். நாலு கொழுந்துக்காகக் கன்றைப் பட்டினி போடுகிறவன் என் தம்பியா என்று பெரியப்பா கேட்டுவிட்டார். மறுநாள் காலையில் கல்கட்டின் வழி முள்ளால் அடைபட்டிருந்தது. ஓஸ் சுருட்டப்பட்டு எங்கள் கூரையடியில் கிடந்தது. இதில் எது முதலில் நடந்தது என்பதைப் பற்றி இரண்டு வீட்டுக்கும் இரண்டு கருத்து. கன்று மட்டும் யாரிடமும் கோபப்படாமல் இரண்டு வீட்டையும் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது.

பேச்சு நின்று ஒரு வருடம் ஓடிற்று. மனிதர்கள் தாங்கிக்கொண்டார்கள், மரங்களால் முடியவில்லை. ஆரஞ்சு மரம் பசித்தால் ஒரு மாதிரி முகம் காட்டும், தாகமெடுத்தால் வேறு மாதிரி காட்டும். எங்கள் பக்கத்தில் தண்ணீருக்குக் குறைவில்லை, ஆனால் இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தது. காய்த்த சில காய்களும் எலுமிச்சை அளவுக்கு மேல் பெரிதாகவில்லை. பெரியப்பா பக்கத்தில் இலை கறுகறுவென்று இருந்தது, ஆனால் பங்குனி பிறந்ததும் ஒவ்வொரு இலையும் உள்பக்கமாகச் சுருண்டது. கோலிக்குண்டு அளவுப் பிஞ்சுகள் பொலபொலவென்று உதிர்ந்தன. கல்கட்டின் மேல் நின்று பார்ப்பேன். விளையாடுவதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு கோலி அங்கே கொட்டிக் கிடக்கும், இறங்கி எடுக்கத்தான் முடியாது.

அடுத்த வருடம் தை மாதத்தில், சேந்தமங்கலத்திலிருந்து தோட்ட விவரம் தெரிந்த ஒருவரை அப்பா கூட்டி வந்தார். அவர் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஆரஞ்சை வெட்டிவிட்டு சில்வர் ஓக் மரம் வைத்து மிளகுக்கொடி ஏற்றினால் பராமரிப்பு குறைவு என்றார். இந்த வருசமும் காய்க்காவிட்டால் வெட்டிவிட வேண்டியதுதான் என்று அப்பா அன்றைக்குச் சாப்பிடும்போது சொன்னார். அம்மா களியை வழக்கத்தைவிட ஓசையாகத் தட்டில் போட்டாள்.

அதற்குப் பிறகு வந்த ஒரு சந்தை நாளில்தான் நான் அதைப் பார்த்தேன். பள்ளிக்கூடம் லீவு. அப்பா சந்தைக்குப் போயிருந்தார், பெரியப்பாவும் தனியாக ஜீப்பில் போயிருந்தார். அம்மாவைத் தேடிக்கொண்டு தோட்டத்துக்குப் போனால், கல்கட்டில் முள் விலக்கியிருந்தது. பெரியம்மா தலையில் எருக்கூடையோடு மேலே ஏறி வந்துகொண்டிருந்தாள். அம்மா ஓஸை இழுத்துக்கொண்டு கீழே இறங்கிக்கொண்டிருந்தாள். வழியில் இருவரும் ஒருவரையொருவர் உரசிக்கொண்டு, பஸ் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் மாதிரி ஒதுங்கிப் போனார்கள். என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள்.

"அப்பாகிட்டச் சொல்லாத கண்ணு" என்றாள் அம்மா.

"பெரியப்பாகிட்டவும்" என்றாள் பெரியம்மா.

ரேஷன் கடை வரிசையில் நின்றபோது பேசி முடிவு செய்திருந்தார்களாம். ஆண்கள் சண்டை ஆண்களோடு இருக்கட்டும், மரம் என்ன பாவம் செய்தது என்பது பெரியம்மாவின் கட்சி. தண்ணீருக்கு ஒன்றும் சிரமமில்லை. ஓஸைப் போட்டுவிட்டால் அதுவாக இறங்கிப் போய்விடும். எருவுக்குக் கால் கிடையாது. ஒவ்வொரு கூடையாகச் சரிவில் சுமந்து ஏற்ற வேண்டும். அதை அடிமரத்தில் கொட்டிவிடவும் கூடாது. கிளைகளின் நிழல் விழும் வட்டத்தில் மண்ணை லேசாகக் கொத்தி, எருவைப் பரப்பி, மண் மூடி, தண்ணீர் விட்டு, அதன்மேல் காய்ந்த சருகைப் பரப்ப வேண்டும். சருகு பரப்புவது ஈரம் காயாமல் இருக்கத்தான். ஆனால் அந்த வருடம் அதற்கு இன்னொரு உபயோகமும் இருந்தது. சருகு அள்ளும் வேலை எனக்குக் கிடைத்தது.

அப்பாவை நினைத்தால் எனக்குப் பாவமாக இருந்தது. அவர் எவ்வளவு வெள்ளந்தி என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சாயங்காலம் தோட்டத்தைச் சுற்றி வருவார். ஒருநாள் சருகுக்குள் கால் வைத்து, புதைந்து, எருவும் சேறுமாகக் காலை எடுத்தார். நானும் அம்மாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவர் ஊற்றுக்குப் போய்க் காலைக் கழுவிவிட்டு, ஒன்றுமே கேட்காமல் வீட்டுக்குள் போய்விட்டார். எங்கள் மரங்களின் இலை பச்சை கட்டத் தொடங்கியபோது, இந்த வருசம் காத்து நல்லா இருக்கு என்றார். பெரியப்பாவும் அவருக்குக் குறைந்தவர் இல்லை. நடுப்பகலில் ஈரமாகக் கிடந்த பாத்தியைப் பார்த்துவிட்டு, பனி ஜாஸ்தி என்று சொன்னாராம். பெரியம்மா வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பங்குனி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

அப்பாவுக்கு அந்த வருடம் சந்தை மேல் ஒரு ஆசையும் வந்திருந்தது. முன்பெல்லாம் பலாவோ மிளகோ விற்க இருந்தால்தான் போவார். இப்போது ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தாலும் கிளம்பிவிடுவார். கிளம்பும்போது கல்கட்டு ஓரமாகப் போய் நின்றுகொண்டு, சமையல் செய்துகொண்டிருக்கும் அம்மாவுக்குச் சொல்வார்: "நான் சந்தைக்குப் போறேன். மத்தியானப் பஸ்ஸுக்குத்தான் வருவேன்." அடுப்படி எதிர்ப்பக்கத்தில் இருந்தது. அம்மாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். எதற்காக அவ்வளவு தூரம் போய், கீழ்ப்பக்கம் பார்த்துக் கத்துகிறார் என்று நான் நினைத்ததுண்டு.

ஒருமுறை மாட்டிக்கொள்ள இருந்தோம். யாரோ ஜீப்பில் ஏற்றிவிட்டதால் அப்பா காலையிலேயே திரும்பி வந்துவிட்டார். பெரியம்மா காலிக் கூடையோடு எங்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஓடுவதற்கு நேரமில்லை, காப்பிச் செடிகளுக்குள் புகுந்து குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள். அப்பா நேராக அந்தச் செடிகளின் முன்னால் வந்து நின்றார். நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன். அவர் தொண்டையைச் செருமினார். தலை வலிக்கிறது, கொஞ்சம் படுக்கிறேன், யாரும் எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பகலில் படுக்கிற வழக்கமே இல்லாத அப்பா அன்று வெகுநேரம் தூங்கினார். பெரியம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள். எல்லாம் அம்மா சாமியை வேண்டிக்கொண்டதால் நடந்தது என்று நான் முடிவு செய்தேன்.

ஆனால் அம்மா பயந்துவிட்டாள். அடுத்த சந்தைக்கு என்னையும் அப்பாவோடு அனுப்பினாள். புதுச் செருப்பு வாங்க என்பது வெளியே சொன்ன காரணம். தலை வாரிவிடும்போது காதோடு சொன்னது வேறு.

"மத்தியானப் பஸ்ஸுக்கு முன்னாடி அப்பா கெளம்பக் கூடாது. கெளம்பறாப்பல இருந்தா எதாச்சும் சொல்லி நிறுத்திப்போடு. இன்னிக்குக் கீழ இருக்குற வரிசைக்குத் தண்ணி உடணும். எட்டறதுக்கு நேரமாவும்."

அவ்வளவு பெரிய பொறுப்பை அதுவரை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை. பஸ்ஸில் போகும்போதே முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டேன்.

சந்தையில் அப்பாவுக்கு வேலையே இல்லை. கொண்டுபோன பழத்தை முதலில் கேட்ட ஆளிடமே கொடுத்துவிட்டு, டீக்கடைக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்தார். எதிர் பெஞ்சில் பெரியப்பா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. ஒருவர் ரோட்டைப் பார்த்தார், ஒருவர் பாய்லரைப் பார்த்தார். டீ வந்தது, ஆறியது, குடித்தார்கள். மறுபடியும் டீ வந்தது. எனக்கு நடுவில் உட்கார்ந்து இரண்டு பேரையும் காவல் காக்க வசதியாக இருந்தது. இவர்களைப் பிடித்து வைப்பது ஒன்றும் கஷ்டமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த வேன் வந்து நின்றது.

எங்கள் ஊர்க்காரர் ஒருவருடைய பிக்கப் வேன். பலாப்பழத்தை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். யாரையும் ஏற்றாமல் போக அவருக்கு மனம் வராது. ஊட்டுக்குத்தானுங்க, ஏறுங்க ரெண்டு பேரும் என்றார். அப்பா எனக்குச் செருப்பு வாங்க வேண்டும் என்றார். வாங்கிட்டு வாங்க, நிக்கறேன் என்றார் அவர். பெரியப்பா முடி வெட்ட வேண்டும் என்றார். கடை இன்னைக்கு லீவுங்க, பார்த்துட்டுத்தான் வர்றேன் என்றார் வேன்காரர். பெரியப்பா தலையைத் தடவிக்கொண்டார். அவர் பின்கதவையே திறந்துவிட்டார்.

அப்பா எழுந்தார். கீழ் வரிசை மரங்கள், காப்பிச் செடிக்குள் குத்தவைத்திருந்த பெரியம்மா, சேந்தமங்கலத்து ஆள் எல்லாம் ஒரே நேரத்தில் கண்முன் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சுருண்டேன்.

"வவுறு நோவுதுப்பா."

நன்றாகத்தான் நடித்திருக்க வேண்டும். டீக்கடைக்காரரே கரண்டியை வைத்துவிட்டு வந்தார். ஆனால் அது நேர்மாறாகப் போய்விட்டது. அப்படின்னா சீக்கிரம் ஏத்துங்க, பறந்து போயிரலாம் என்று வேன்காரர் டிரைவர் சீட்டில் ஏறிவிட்டார். அப்பாவுக்கு உண்மையிலேயே பதறிவிட்டது. என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வேனைப் பார்த்து நடந்தார். நான் அலற வாயெடுத்தேன், அலறினால் இன்னும் வேகமாகப் போவார்கள் என்று மூடிக்கொண்டேன்.

"தம்பி."

பெரியப்பாவின் குரல். அப்பா அப்படியே நின்றுவிட்டார். அவரை அந்தக் குரல் அப்படிக் கூப்பிட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"புள்ளைய வண்டியில ஏத்தாத. வளைவுல குலுங்குனா இன்னும் நோவும். சோடா வாங்கிக் குடு. செத்த நேரம் உக்காரட்டும்."

அப்பா திரும்பினார்.

"சரிங்கண்ணா" என்றார்.

வேன் போய்விட்டது. அப்பா என்னைப் பெரியப்பா பெஞ்சிலேயே உட்கார வைத்தார். மூன்று பேரும் ஒரே பெஞ்சில் இருந்தோம். பெரியப்பா என் வயிற்றில் கை வைத்து அமுக்கிப் பார்த்து, உப்பலாட்டம் இருக்கு என்றார். எனக்கு இஞ்சி தட்டிப் போட்ட சோடா வந்தது. அவர்களுக்குப் போண்டா வந்தது. சூடாக, மேலே முறுகலாக. நான் கையை நீட்டினேன். வயிறு நோகிற பிள்ளைக்கு அது ஆகாது என்று சொல்லிவிட்டு பெரியப்பா என் பங்கை அப்பாவுக்குக் கொடுத்தார். அப்பா அதைப் பிட்டு அவருக்குப் பாதி கொடுத்தார். என் கண்ணெதிரே தின்று முடித்தார்கள். பொறுப்பு என்பது எவ்வளவு கொடுமையானது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அதன் பிறகு இருவரும் மறுபடி ரோட்டைப் பார்த்தார்கள். ஆனால் இப்போது ஒரே பக்கமாகப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து பெரியப்பா வெயில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார்.

"கீழ் வரிசைக்கு இன்னும் எட்டியிருக்காது" என்றார்.

"ஓஸ் பழசுங்கண்ணா. மெதுவாத்தான் போவும்" என்றார் அப்பா.

"இன்னொரு டீ குடிக்கலாம்."

எனக்கு அதில் கவனம் இல்லை. நான் போண்டாத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேசாமல் இருந்தவர்கள் பேச ஆரம்பித்தால் இப்படித்தான் சம்பந்தமில்லாமல் எதையாவது பேசுவார்கள்போல என்று தோன்றியது.

செருப்பு வாங்கிக்கொண்டு மத்தியானப் பஸ்ஸில் மூன்று பேரும் வந்தோம். பெரியப்பா எனக்கு ஜன்னல் ஓரத்தைக் கொடுத்தார். எங்கள் ஊரில் இறங்கியதும் அப்பா மேல் வழியாகவும் பெரியப்பா கீழ் வழியாகவும், ஒருவரையொருவர் திரும்பிப் பார்க்காமல், டீக்கடையில் நடந்ததற்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லாதவர்கள் மாதிரி நடந்து போனார்கள். அப்பா புதுச் செருப்பை என் கையில் கொடுத்துவிட்டுக் கொய்யா மரத்தடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

நான் அம்மாவைத் தேடித் தோட்டத்துக்கு ஓடினேன். வேலையெல்லாம் முடிந்திருந்தது. முள் பழையபடி வைத்தாகிவிட்டது. அம்மா ஓஸைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நான் வேன் வந்ததிலிருந்து ஆரம்பித்தேன். வயிற்று வலியை மறுபடி நடித்தே காட்டினேன். போண்டாவை இழந்த தியாகத்தை இரண்டு முறை சொன்னேன். அம்மா சுருட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். பெரியப்பா அப்பாவிடம் பேசினார் என்றதும் கை நின்றது.

என்ன பேசினார் என்று கேட்டாள். குலுங்கினால் நோகும் என்று சொன்னதைச் சொன்னேன். அப்புறம் என்றாள். டீ குடித்ததைச் சொன்னேன். வேறு ஒன்றுமே சொல்லவில்லையா என்றாள். கீழ் வரிசைக்கு இன்னும் எட்டியிருக்காது என்று பெரியப்பா சொன்னதையும், ஓஸ் பழசு என்று அப்பா சொன்னதையும் சொன்னேன்.

அம்மா ஓஸைக் கீழே போட்டாள். கல்கட்டுக்குப் போய், முள்ளைத் தாண்டி எட்டிப் பார்த்து, "அக்கா, இங்க வாங்க" என்று கூப்பிட்டாள். ரகசியமாகக்கூடக் கூப்பிடவில்லை. பெரியம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அம்மா என்னைக் கல்லின் மேல் ஏற்றி நிறுத்தி, இப்போது சொன்னதை மறுபடி சொல்லச் சொன்னாள். நான் பெரியப்பா குரலிலும் அப்பா குரலிலும் சொன்னேன்.

பெரியம்மா அம்மாவைப் பார்த்தாள். அம்மா பெரியம்மாவைப் பார்த்தாள். முதலில் பெரியம்மாவுக்குத்தான் வந்தது. வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு அப்படியே கல்கட்டில் சாய்ந்துவிட்டாள். அம்மாவுக்கு நிற்க முடியவில்லை, பாத்தி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள். ஒருவர் நிறுத்தினால் இன்னொருவர் ஆரம்பித்தார்.

"எரு சொமந்து என் கழுத்து ஒடிஞ்சிருச்சு புள்ள" என்றாள் பெரியம்மா. "அங்க பெஞ்சுல உக்காந்துட்டு நம்மள வேலை வாங்கிட்டு இருக்காங்க."

என் நடிப்பை நினைத்துத்தான் சிரிக்கிறார்கள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

அந்த வருடம் மரங்கள் காய்த்தன. கார்த்திகையில் மேலேயும் கீழேயும் கிளைகளுக்கு முட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. முட்டுக்கம்பு வெட்ட ஒரு ஆளால் முடியாது என்று அப்பா கல்கட்டைப் பார்த்துச் சொல்ல, பெரியப்பா கொடுவாளோடு ஏறி வந்தார். முள் அதோடு போயிற்று. சேந்தமங்கலத்து ஆள் மறுபடி வரவில்லை. எருவுக்கும் தண்ணீருக்கும் ஆண்களே வந்துவிட்டதால், பெண்கள் கல்கட்டில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார்கள்.

ஆனால் அதற்கெல்லாம் முன்பு, வயிற்று வலிக்கு அடுத்த சந்தை நாள் ஒன்று வந்தது. நான் விடிந்ததும் குளித்து, புதுச் செருப்பு போட்டுத் தயாராக நின்றேன். இந்த முறை காய்ச்சல் என்று சொல்வதாக இருந்தேன். அம்மா என்னைப் பார்த்துவிட்டு, நீ போக வேண்டாம் கண்ணு, ஊட்டிலேயே இரு என்றாள். எனக்கு நம்ப முடியவில்லை. அப்பா சீக்கிரம் வந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். வரமாட்டார் என்றாள். வந்துவிட்டால் என்றேன். அழுகையே வந்துவிட்டது. அம்மா சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

அன்றைக்கு அவர்கள் வேலை செய்த விதத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. முள்ளை முழுதாக எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டார்கள். சத்தமாகப் பேசினார்கள். நடுவில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள். எருவின் மேல் மண்ணைத் தள்ளியதோடு சரி, சருகைப் பற்றி நினைக்கவே இல்லை. யாருக்காவது பொறுப்பு இருக்க வேண்டாமா என்று நானே கூடை கூடையாகச் சருகு அள்ளி வந்து ஒவ்வொரு மரத்தடியிலும் கொட்டினேன். இடையிடையே மேட்டுக்கு ஓடிப்போய் ரோட்டைப் பார்த்தேன். ஜீப் ஒவ்வொன்றிலும் அப்பா இருப்பதாகத் தோன்றியது.

அப்பா மத்தியானப் பஸ்ஸில்தான் வந்தார். வாயில் போண்டா வாசனை. என்னைக் காவலுக்கு அனுப்பாதபோது, அவரை அவ்வளவு நேரம் சந்தையில் யார் பிடித்து வைத்திருந்தார்கள் என்று எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை.